முப்பத்தொன்றாம் பக்கத்து மகள்

திருவனந்தபுரம்
4.8.2024

பொன்செல்விக்கு,

கலைச்செல்வி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் சிஜியும் அவள் அப்பாவும் இருக்கிறோம். சுகமா என்று கேட்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று அம்மா சொல்வாள், அதனால் கேட்கிறேன். சுகமா?

நாலரை வருஷம் கழித்து எழுதுகிறேன் என்பதால் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைக்காதே. எனக்கு ஒரு கையெழுத்து வேண்டும்.

அம்மா கல்லறையில் இப்போது மெழுகுவத்தி வைக்க இடமில்லை. அம்மா பெருக்கித் துடைத்த லாட்ஜுக்குப் பின்னால் கட்டட வேலைக்காரர்கள் குடியிருக்கிறார்கள் அல்லவா, அதில் ஒரு தென்காசிக்காரியின் குழந்தை மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தது. அவள் தாசம்மா, தாசம்மா என்று அம்மாவைத்தான் கூப்பிட்டாளாம். அங்கிருந்து ஆரம்பித்தது. போன வருஷம் கல்லறை மேல் யாரோ அம்மாவின் சரித்திரத்தை டைப் அடித்து வைத்துவிட்டுப் போனார்கள். பெயர் போடவில்லை. கோயில் பங்குக் குழுச் செயலாளர் மகேஷ்குமார் அதை நாற்பது பக்கப் புத்தகமாக அச்சடித்திருக்கிறான். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது.

ஜனவரி இருபத்திரண்டு, ஐந்தாம் ஆண்டுப் பூசையில் அதைக் கோயிலில் வாசிக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று பங்குச் சாமியார் அச்சன் சொல்லிவிட்டார். நான் போட்டுவிட்டேன். நீ போட்டுத் தபாலில் அனுப்பு. கருத்துச் சொல்ல வேண்டாம். ஃபோனும் பண்ண வேண்டாம், உன் நம்பரை நான் எடுப்பதில்லை என்று உனக்கே தெரியும்.

அம்மா போன அன்றைக்கு உனக்கு ஃபோன் போட்டாளே, ஏன் எடுக்கவில்லை என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கலைச்செல்வி


லூவன், பெல்ஜியம்
30.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பொன்செல்வி வணக்கம். நான் நலம். மழையும் கழுத்து வலியும் தவிர வேறு குறையில்லை. உன் கால் நரம்பு எப்படி இருக்கிறது? கடையில் இன்னும் நாள் முழுக்க நிற்கத்தான் வைக்கிறார்களா? அத்தானைக் கேட்டதாகச் சொல். சிஜிக்கு என் முத்தம்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், ஒரு காலத்தில் நீயே அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ லத்தீனில் எழுதிவைத்த புனிதர் சரிதங்களைப் படிக்கிறேன். எழுதியவர் பெயர் இருக்காது. ஆட்டுத்தோல் ஏட்டில் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருப்பார். யார் எதை எங்கிருந்து எடுத்தார் என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தத் துறவிகளுக்குக் கூச்சமே கிடையாது. தங்கள் ஊர்ப் புனிதருக்கு அற்புதம் போதவில்லை என்றால் அடுத்த ஊர்ப் புனிதருடையதை எடுத்துப் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

இந்தப் புத்தகமும் அதே ஜாதிதான். ஒன்பதாம் பக்கத்தில் அம்மா போனக்காட்டுத் தேயிலைக் காட்டிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கை வெயில் கதிரில் தொங்கப்போடுகிறாள், அதுவும் கொடியில் தொங்குவதுபோலத் தொங்குகிறது. இது ஏழெட்டுப் புனிதர்களுக்கு நடந்தாயிற்று, அவர்கள் தொங்கப்போட்டது அங்கி. பதினாலாம் பக்கத்தில் அம்மா அதட்டியதும் சிறுத்தை ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. மூலத்தில் அது ஓநாய். அம்மாவுக்குத் தெருநாயைக் கண்டாலே பயம் என்பது எழுதிய புண்ணியவானுக்குத் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. நீ படித்திருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன். "அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். படுக்கையில் கிடந்த தாய் தண்ணீர் கேட்டாள். மகள் கொடுக்கவில்லை. கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். அப்போது தேவதை ஒன்று வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து தந்தது. அதைக் குடித்துவிட்டுத் தாய் கண்ணை மூடினாள்."

விட்டுவிட்டுப் போன மகள் யார் என்று பங்கில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பூட்டு, கதவு எல்லாம் சும்மா ஜோடனை. அடக்கத்துக்கு நான் வரவில்லை என்பதற்காக என்னைக் கோயிலில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் வாசிக்கப்போகிறீர்கள், அதற்கு என்னிடமே கையெழுத்தும் கேட்கிறீர்கள். அப்போது விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், தாள் கையில் இல்லை. இதை எத்தனை தடவை சொல்வது?

இதை எழுதியது யார்?

அன்புடன்
பொன்செல்வி


திருவனந்தபுரம்
22.9.2024

பொன்செல்விக்கு,

கலைச்செல்வி. எல்லோருக்கும் சுகம். காலைப் பற்றிக் கேட்டாய். இருக்கிறது, அதன் மேல்தான் நிற்கிறேன். ஓணத்துக்குப் பதினெட்டு நாள் கிழக்கேகோட்டையே எங்கள் கடைக்குள் வந்துவிட்டது, அதனால்தான் பதில் தாமதம்.

சர்ட்டிபிகேட்டில் லத்தீன் கத்தோலிக்கர் என்று போட்டிருப்பதால் லத்தீன் உன் தாத்தா சொத்தாகிவிடாது. ஓநாய் வந்தது, அங்கி வந்தது என்று எனக்குப் பாடம் நடத்தாதே. தென்காசிக்காரி மெழுகுவத்தி கொளுத்தும்போது இந்த அற்புதம் எந்த ஏட்டில் இருக்கிறது என்று கேட்டுவிட்டா கொளுத்துகிறாள்? அவள் குழந்தை விழுந்து எழுந்தது, அவளுக்கு அது மதி, அது போதும்.

அந்த மகள் நீதான் என்று எந்த வரியில் எழுதியிருக்கிறது? வீட்டில் யாரைப் பற்றி யார் பேசினாலும் அது தன்னைப் பற்றித்தான் என்று எண்ணிக்கொள்வது உனக்குப் பாவாடை கட்டின நாளிலிருந்து இருக்கிற வியாதி. கொஞ்சம் நிதானமாகப் படி. படிக்கிறதுதானே உன் தொழில்.

மகேஷ்குமார் தினமும் கடை வாசலில் வந்து நின்று "சேச்சி, ஒப்பு கிட்டியோ?" என்கிறான். கையெழுத்து வந்ததா என்று அர்த்தம், உனக்கு மறந்திருக்கும். அவனுக்கு நான் என்ன சொல்ல?

விசாக் கதை பழைய கதை. நான் கேட்காமல் வைத்திருக்கிற கேள்வி வேறு. அதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

கழுத்துக்குக் கற்பூராதி தைலம் தேய்.

கலைச்செல்வி


லூவன்
15.10.2024

அக்காவுக்கு,

நலம். நலமாக இரு.

நிதானமாகப் படி என்றாய். படித்தேன்.

நான் இங்கே வந்த முதல் வருஷம் ஒரு சரிதத்தைத் தமிழில் எழுதி உனக்கு அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? யாரென்றே தெரியாத ஒரு விதவைப் புனிதையின் கதை, பதினெட்டுத் தாள். அம்மா கேட்க ஆசைப்படுகிறாள் என்று நீதான் கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நீ வாசிப்பாய், அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். அதில் அந்த விதவை பஞ்ச காலத்தில் பன்னிரண்டு ரொட்டி சுடுகிறாள், எத்தனை பேர் தின்றாலும் எண்ணிக்கை குறையவில்லை. பன்னிரண்டு அப்போஸ்தலர், பன்னிரண்டு ரொட்டி. ஐரோப்பாவில் உள்ள ஒன்பது பிரதியிலும் பன்னிரண்டுதான்.

நான் அவசரத்தில் பதினொன்று என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டேன். உலகத்திலேயே அந்தப் பதினொன்று இருக்கிற ஒரே இடம் உன் டிரங்குப் பெட்டி. இப்போது புத்தகத்தில் பதினெட்டாம் பக்கத்தைப் பார். போனக்காட்டு லயத்து வீட்டில் அம்மா சுட்ட ரொட்டி எத்தனை? இரண்டு ஏட்டில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம்.

இன்னொன்று. இந்த நாற்பது பக்கத்தில் லாட்ஜ் மேனேஜர் இருக்கிறார், பால்காரர் இருக்கிறார், சிஜிகூட ஒரு வரி இருக்கிறாள். வாதம் வந்து விழுந்த அம்மாவைப் பதினாலு மாசம் தூக்கிக் குளிப்பாட்டிய நீ எங்குமே இல்லை. இப்படி ஆள் அடியோடு காணாமல் போனால் அந்த ஆள்தான் பேனாவைப் பிடித்தவர்.

ஆக, நீதான் எழுதினாய். உன்னை ஒளித்துக்கொண்டு என்னைச் சந்தியில் நிறுத்தியிருக்கிறாய். ஒத்துக்கொண்டு முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துவிடு. இல்லாவிட்டால் எது எது எங்கிருந்து வந்தது என்று வரிவரியாக மகேஷ்குமாருக்கு எழுதுவேன்.

பொன்செல்வி


திருவனந்தபுரம்
2.11.2024

பொன்செல்விக்கு,

இன்று கல்லறைத் திருநாள். போய் வந்தேன். கால் வலிக்கிறது. இந்தத் தடவை நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

எழுதிக்கொள். மகேஷ்குமார் விலாசத்தைச் சிஜி பின்னால் இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள்.

முப்பத்தொன்றாம் பக்கத்தை நான் எடுக்கப்போவதில்லை.

கலைச்செல்வி


லூவன்
20.11.2024

கலைச்செல்விக்கு,

எழுதிவிட்டேன். நகல் இணைத்திருக்கிறேன். இரவல் என்று நிரூபிக்க முடிந்தது மொத்தம் இருபத்து மூன்று இடம். வெயில் கதிர், சிறுத்தை, ரொட்டி, கல்லறையில் வந்த வாசனை, வெள்ளிக் கிண்ணத்துத் தேவதை உட்பட எல்லாம். எழுதியது நீ என்று நான் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு இன்னும் மனசாட்சி இருக்கிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லவும் வேண்டாம்.

பொ.


திருவனந்தபுரம்
15.12.2024

பொன்னுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். சிஜிக்குப் பரீட்சை. அத்தானுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. நான் சுகமில்லை.

போன ஞாயிறு பங்குக் குழுவில் உன் கடிதத்தை மகேஷ்குமார் வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் முகம் சுண்டிப்போயிற்று, அவன் பெண்டாட்டி அந்த ரொட்டிக் கதையைச் சொல்லித்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாளாம். இரண்டு பேர் உன்னைத் திட்டினார்கள். ஒருவர் புத்தகத்தையே எரித்துவிடலாம் என்றார். கடைசியில் அச்சன், களவு எடுத்ததை எல்லாம் வெட்டுங்கள், மிச்சம் இருந்தால் அதை மட்டும் வாசிப்போம் என்றார். சிவப்புப் பேனாவால் வெட்டினார்கள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு பக்கம்தான் மிஞ்சியது. போனக்காட்டில் அட்டை கடித்தது, லாட்ஜில் வாளி தூக்கியது, பிறகு முப்பத்தொன்றாம் பக்கம். அதிலும் பாதிதான். தேவதையை நீ வெட்டச் சொல்லிவிட்டாய். இப்போது அந்தப் பக்கம் எப்படி முடிகிறது தெரியுமா? மகள் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறாள். அம்மா தண்ணீர் குடிக்காமலேயே சாகிறாள்.

நீ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த ஆளைப் பெயர் இல்லாமலே கண்டுபிடிப்பாய். பன்னிரண்டு பதினொன்றானதைக் கண்டுபிடிப்பாய். கதவைப் பூட்ட வேண்டுமானால் ஆள் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையே, பொன்னு. நீ எங்கே இருந்தாய்? பெல்ஜியத்திலிருந்தா எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டினாய்?

அந்த மகள் நான்.

பதினாலு மாசமும் அம்மா என்னை ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கஞ்சி கொடுத்தால் பொன்னு வந்தாச்சா என்பாள். துணி மாற்றினால் பொன்னு எப்போ வருவா என்பாள். வாய் கோணி வார்த்தை குழறினாலும் உன் பெயர் மட்டும் தெளிவாக வரும். அன்று லீவு போட்டு மூன்று தடவை பீ அள்ளியிருந்தேன். தண்ணீர் கேட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தேன். வாங்குவதற்கு முன்னால், "இந்தத் தண்ணிய பொன்னு குடுத்திருந்தா எப்படியிருக்கும்" என்றாள். வார்த்தை ஒவ்வொன்றாக, கஷ்டப்பட்டுச் சொன்னாள்.

டம்ளரை அவள் கைக்கு எட்டாத ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நெடுமங்காடு பஸ் போவதையும் வருவதையும் பார்த்தேன். திரும்பி வந்தபோது அம்மா இல்லை. டம்ளர் அங்கேயே இருந்தது. ஃபோன் அவள் கையில் இருந்தது. உன் போட்டோவைத் தொட்டால் போதும் என்று சிஜி அவளுக்கு இடது கையால் பழக்கிவிட்டிருந்தாள். மத்தியானம் மூன்று பத்துக்கு ஒரு தடவை, மூன்று பதினாலுக்கு ஒரு தடவை, மூன்று இருபத்தொன்றுக்கு ஒரு தடவை உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த ஃபோனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாம். அச்சன் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எனக்கு அது போதவில்லை. நீதான் ஒரு தடவை எழுதியிருந்தாய், அந்தப் பழைய ஆட்கள் தங்கள் பெயரைப் போடாமல் தங்களைப் பாவி என்று மட்டும் எழுதிவைப்பார்கள் என்று. நானும் அப்படியே செய்தேன். அம்மாவுக்கு எத்தனை அற்புதம் கிடைக்குமோ அத்தனையும் உன் தாள்களிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், நடுவில் என் பாவத்தையும் வைத்தேன். உண்மைதான் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. படித்தால் உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

மற்ற இருபத்திரண்டையும் வெட்டிக்கொள். அந்தத் தேவதையை மட்டும் விட்டிருக்கலாம். ஜன்னலில் இருந்த தண்ணீரை அவளுக்கு எடுத்துக் கொடுக்க வேறே யார் இருந்தார்கள்?

கலைச்செல்வி


லூவன்
3.1.2025

அக்கா,

இது கூரியரில் வருகிறது, தபாலை நம்பவில்லை. அத்தான் சர்க்கரைக்கு மாத்திரை தவறவிடக் கூடாது. நீ சுகமில்லை என்று எழுதியதைப் பலமுறை படித்தேன்.

உன்னை மன்னிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று காலை வரை முடியவில்லை. அம்மா தாகத்தோடு கிடந்ததை நினைத்தால் உன்னை அடிக்கத்தான் தோன்றுகிறது. அதனால் நீ கேட்காமல் வைத்திருக்கிற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நூலகத்தில் இருந்தேன். அந்த விதவையின் சரிதத்தில் கடைசி ஏடு, அவள் சாகிற இடம், மேஜை மேல் விரித்திருந்தது. அந்த ஏட்டைப் பார்க்க ஆறு மாசம் முன்னாலேயே எழுதிக் கேட்டு, அன்று ஒரு காலைப் பொழுதுக்குக் கொடுத்திருந்தார்கள். உங்கள் மத்தியானம் மூன்று மணி இங்கே காலை பத்தரை. ஃபோனைச் சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்திருந்தேன். அம்மா என்று வெளிச்சம் வந்தது. அழுவாள், எப்போ வருவாய் என்பாள், அரை மணி நேரம் போய்விடும் என்று கவிழ்த்து வைத்தேன். இரண்டாம் தடவை மேஜை அதிர்ந்தது. மூன்றாம் தடவையும் அதிர்ந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, அக்கா. விசாத் தாள் அதற்கு முந்தின வாரமே கைக்கு வந்துவிட்டது. அடக்கத்துக்கு வர முடியாமல் இல்லை. வந்தால் நீ அந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாய் என்று பயந்தேன்.

மகேஷ்குமாருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். வெள்ளிக் கிண்ணத்துத் தேவதையைப் பற்றி நான் சொன்னது தவறு, திரும்பச் சரிபார்த்ததில் எந்தச் சுவடியிலும் அப்படி ஒன்று இல்லை, அதை வெட்டக் கூடாது என்று. அதற்குக் கீழே என் பட்டமும் வேலையும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். இது பொய். அந்தத் தேவதை அன்று என் மேஜை மேல் இருந்த ஏட்டிலேயே இருக்கிறது, கீழிருந்து ஆறாவது வரி. என் தொழிலில் இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். அதை அப்படியே வாசித்தால்தான் என் கையெழுத்து செல்லும் என்று சொல்லிவிடு. "அவளுக்கு இரண்டு மகள்கள் இருந்தார்கள். தாய் தண்ணீர் கேட்டபோது ஒருத்தி கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். தாய் கூப்பிட்டபோது இன்னொருத்தி ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்." அதற்குப் பிறகு தேவதை வரட்டும்.

கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன்.

பொன்னு


திருவனந்தபுரம்
23.1.2025

பொன்னுக்கு,

அக்கா எழுதுவது. அத்தானுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சிஜி பாஸ். உன் கூரியர் பதினாறாம் தேதி கிடைத்தது.

நேற்றுப் பூசையில் மகேஷ்குமார்தான் வாசித்தான். ஆறு பக்கமும் ஒரு தேவதையும். இரண்டு மகள்கள் என்று வந்தபோது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவரவர் அவரவர் அம்மாவை நினைத்திருப்பார்கள். தென்காசிக்காரி மட்டும் தண்ணீர் கொடுத்த இடத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அழவில்லை. மறைத்து வைக்க இனிமேல் ஒன்றும் இல்லை என்றதும் ஒரே பசியாக இருந்தது, வீட்டுக்கு வந்து நாலு ரொட்டி தின்றேன்.

மூன்று பத்துக்கு அம்மாவின் ஃபோன் அடித்தது. அலமாரி மேல் சார்ஜில் இருந்தது. உன் போட்டோ வந்தது. மூன்று பதினாலுக்கு அடித்தது. மூன்று இருபத்தொன்றுக்கும் அடித்தது. நான் அடுக்களையில் இல்லை, குளிக்கப் போகவில்லை. முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று தடவையும் பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. அடித்து அடித்து நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும்.

நாலாவது தடவை போட அம்மாவுக்கு நேரம் இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது.

கடை ஏழு மணிக்கு விடும். அதற்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

கலைச்செல்வி